மலிவான கமராவில் எதைக் குறைத்திருக்கிறார்கள்?

நிக்கான் நிறுவனம் 2017 இல் வெளியிட்ட டி7500 கமராவின் சென்சரில், அதாவது ஒளியைப் படமாகப் பதியும் சில்லில், 20.9 மெகாபிக்சல் இருக்கிறது. 2018 இல் வந்த டி3500, அப்போது அதே நிறுவனத்தின் ஆகக் குறைந்த விலை எஸ்எல்ஆர் கமரா. அதில் 24.2 மெகாபிக்சல். விலை இறங்க, எண் ஏறியிருக்கிறது.

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் முதல் கமரா வாங்கப் புறப்படும் இளைஞர்கள் பெரும்பாலும் மெகாபிக்சலைத்தான் முதலில் கேட்கிறார்கள். அந்த எண்ணை வைத்துக் கமராவை எடைபோட முடியாது என்பதற்கு மேலே சொன்ன இரண்டு கமராக்களே சாட்சி. கேட்க வேண்டியது வேறு: இதை இந்த விலைக்குக் கொடுப்பதற்காக எதைக் குறைத்திருக்கிறார்கள்? குறைத்த அந்தப் பொருள் எனக்குத் தேவைப்படுமா? வாவிக்கரையில் பகலில் படமெடுப்பவருக்குத் தேவைப்படாத ஒன்று, இரவுக் கூத்தைப் படமெடுப்பவருக்கு மிகவும் தேவைப்படலாம். அதனால் ஒவ்வொரு குறைப்பையும் நம்முடைய ஊர், நம்முடைய வெளிச்சம், நம்முடைய காற்று ஆகியவற்றோடு வைத்துப் பார்ப்பதுதான் சரி.

எஸ்எல்ஆர் என்பது உள்ளே ஒரு சாய்வான கண்ணாடி வைத்த கமரா. லென்ஸ் வழியாக வரும் ஒளி அந்தக் கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி, நம் கண்ணுக்கு வருகிறது. பொத்தானை அழுத்தும்போது கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், ஒளியை மறித்திருக்கும் ஷட்டர் திறக்கும், ஒளி நேரே பின்னால் இருக்கும் சென்சரில் விழும். எனவே நாம் பார்ப்பது லென்ஸ் பார்க்கும் அதே காட்சி. சென்சர், கண்ணாடி, ஷட்டர், பார்க்கும் துளை, குவியப்படுத்தும் பொறி, மோட்டர், உடற்கூடு என்று எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. குறைக்கும் கத்தி எங்கே விழுகிறது என்பதுதான் கதை.

அந்தக் கதை 2003 இல் மிகத் தெளிவாக நடந்தது. கெனன் அந்த ஆண்டின் தொடக்கத்தில் 10டி கமராவை 1,499 டொலருக்கு வெளியிட்டது. சில மாதங்களில் 300டி வந்தது. உடல் மட்டும் 899 டொலர். ஆயிரம் டொலருக்குக் கீழே எஸ்எல்ஆர் வந்துவிட்டது என்று உலகமே திரும்பிப் பார்த்தது. இரண்டிலும் இருந்தது அதே 6.3 மெகாபிக்சல் வகைச் சென்சர். உலோக உடம்புக்குப் பதில் பிளாஸ்டிக் வந்தது, பார்க்கும் துளை மலிவானது. கூடவே, சில வசதிகளை மென்பொருளில் பூட்டி வைத்தார்கள். ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி அவற்றில் ஒன்று. பயனர்கள் சிலர் அந்த மென்பொருளைத் திருத்தி எழுதிப் பூட்டைத் திறந்தபோது, வசதி கமராவுக்குள் ஏற்கெனவே இருந்தது தெரியவந்தது.

ஆகவே குறைப்பில் இரண்டு வகை இருக்கிறது. பொருளைக் குறைத்துச் செலவைக் குறைப்பது ஒன்று. அதில் நியாயம் உண்டு. மேல்மட்டக் கமராவின் விற்பனை பாதிக்கப்படாமல் இருக்க, செலவே இல்லாத ஒன்றையும் மறித்து வைப்பது மற்றது. இரண்டாவது வகையை நான் ஏற்கவில்லை. படிக்கத் தொடங்கும் ஒருவருக்குத்தான் அந்த வசதிகள் கூடுதலாகப் பயன்படும்.

சென்சரில் ஏன் கை வைப்பதில்லை? தொடக்கநிலைக் கமராக்களில் இருப்பது ஏபிஎஸ்-சி எனப்படும் அளவு. நிக்கானில் 23.5க்கு 15.6 மில்லிமீற்றர்; கெனனில் சற்றுச் சிறிது. முழுச்சட்டகச் சென்சர் 36க்கு 24 மில்லிமீற்றர். பரப்பில் பார்த்தால் சிறியது பெரியதன் பாதிக்கும் குறைவு. சிலிக்கன் தட்டு ஒன்றிலிருந்து எத்தனை சென்சர் வெட்டலாம், அதில் எத்தனை பழுதாகும் என்பதில்தான் விலை இருக்கிறது. பரப்பு பாதியானால் செலவு பாதிக்கும் கீழே இறங்கும். இந்த ஒரு தீர்மானத்திலேயே பெரிய சேமிப்பு நடந்துவிடுகிறது. அதற்குப் பிறகு, ஏபிஎஸ்-சி கமராக்களுக்குள் மலிவானதற்கும் விலை கூடியதற்கும் சென்சர் தரத்தில் பெரிய இடைவெளி கிடையாது. நல்ல வெளிச்சத்தில் ஒரே லென்ஸை மாட்டி எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்தால் எது எதில் எடுத்தது என்று சொல்வது கடினம். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது.

கத்தி முதலில் விழுவது வியூஃபைண்டரில், அதாவது நாம் கண்ணை வைத்துப் பார்க்கும் துளையில். விலை கூடிய கமராவில் ஒளியைக் கண்ணுக்குத் திருப்புவதற்கு ஒரு கட்டிக் கண்ணாடி அரியம் இருக்கும். அது பாரமானது, செதுக்குவதற்குச் செலவாகும். மலிவான கமராவில் அதற்குப் பதில் உள்ளே வெறுமையான கூட்டில் கண்ணாடித் தகடுகளை ஒட்டியிருப்பார்கள். ஒவ்வொரு தகட்டிலும் பட்டுத் திரும்பும்போது ஒளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். எனவே காட்சி சிறிதாகவும் மங்கலாகவும் தெரியும். டி7500 இல் அரியம் உண்டு. சட்டகம் முழுவதும் தெரியும். டி3500 இலும் கெனனின் தொடக்கநிலைக் கமராவான 1500டி இலும் நீள அகலங்களில் 95 வீதம்தான் தெரியும். 95 என்றால் நிறைவாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் நீளத்திலும் குறைந்து அகலத்திலும் குறைவதால், படத்தின் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு உங்கள் கண்ணுக்குத் தெரியாமலே பதிவாகிறது. மாமாங்கேஸ்வரர் கோயில் தேரைக் கவனமாகச் சட்டகத்துக்குள் வைத்து எடுத்துவிட்டு வீட்டில் திறந்தால், ஓரத்தில் மின்கம்பியும் யாரோ ஒருவரின் முழங்கையும் இருக்கும். வெட்டி எடுத்துவிடலாம், பெரிய இழப்பு இல்லை. மங்கலான காட்சிதான் உண்மையான தொல்லை. மாலை ஆறு மணிக்குப் பிறகு, முகம் தெளிவாகக் குவிந்திருக்கிறதா என்று கண்ணால் தீர்மானிப்பது சிரமம்.

அதைவிட மலிவான கெனன் 3000டி இல் இன்னும் ஒரு படி கீழே போனார்கள். கண்ணின் பார்வைக் குறைக்கு ஏற்பத் துளையைச் சரிசெய்யும் சிறு சக்கரத்தையே எடுத்துவிட்டார்கள். லென்ஸ் பூட்டும் வளையம் பிளாஸ்டிக்காகிவிட்டது. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அந்தக் கமராவை வாங்கும் முன் கட்டாயம் கையில் எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது சக்கரங்கள். விலை கூடிய கமராவில் பெருவிரலுக்கு ஒன்று, ஆள்காட்டி விரலுக்கு ஒன்று என இரண்டு இருக்கும். ஒன்றில் ஷட்டர் வேகம், மற்றதில் லென்ஸ் துவாரம். மலிவானதில் ஒன்றே ஒன்று. இரண்டையும் கையால் வைக்க விரும்பினால் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதே சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். “மாமா, அப்படியென்றால் எல்லாவற்றையும் கையால் வைத்துப் படிக்க முடியாதா?” என்று என் மருமகள் கேட்டாள். முடியும் பிள்ளை, கொஞ்சம் மெதுவாகப் படிக்கலாம். துவாரத்தை நீ தீர்மானித்து வேகத்தைக் கமராவிடம் விடும் முறையில் பழகினால் ஒரு சக்கரமே போதும். தொழில் செய்பவர்களில் பலரும் பகல் முழுவதும் அப்படித்தான் வேலை செய்கிறார்கள்.

மோட்டர் விடயம் கொஞ்சம் ஆழமானது. பணத்தை வீணாக்கக்கூடியதும் கூட. லென்ஸைத் தானாகக் குவியப்படுத்த ஒரு மோட்டர் வேண்டும். கெனன் 1987 இல் ஈஎஃப் லென்ஸ் வரிசையைத் தொடங்கியபோது மோட்டரை லென்ஸுக்குள்ளேயே வைத்துவிட்டது. அதனால் அந்த ஆண்டு செய்த ஈஎஃப் லென்ஸையும் இன்று ஆக மலிவான கெனன் எஸ்எல்ஆரில் மாட்டலாம், தானாகக் குவியும். நிக்கான் வேறு வழியில் போனது. அதன் லென்ஸ் பூட்டு 1959 இல் வந்தது. தானியங்கிக் குவியம் வந்த காலத்தில் மோட்டரைக் கமரா உடம்பில் வைத்து, ஒரு சிறு திருகாணித் தண்டால் லென்ஸைச் சுழற்றினார்கள். பிறகு, 2006 இல் வந்த டி40 கமராவில் விலையையும் எடையையும் குறைக்க உடம்பிலிருந்த மோட்டரை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து டி3000, டி5000 வரிசைக் கமராக்கள் எதிலும் மோட்டர் இல்லை.

இதன் விளைவு எங்கே தெரியும் என்றால், பாவித்த பொருள் விற்கும் இடத்தில் தெரியும். பழைய ஸ்டூடியோக்காரர் ஒருவர் தன்னிடம் இருக்கும் 50 மில்லிமீற்றர் ஏஎஃப்-டி லென்ஸை (உள்ளே மோட்டர் இல்லாத வகை) நல்ல விலைக்குத் தருவதாகச் சொல்வார். அது அருமையான லென்ஸ். உங்கள் டி3500 இல் பூட்டவும் செய்யும். ஆனால் குவியத்தை நீங்கள்தான் கையால் திருப்ப வேண்டும், அதுவும் மேலே சொன்ன அந்த மங்கலான சிறு துளையில் பார்த்து. இரண்டு குறைப்புகள் ஒன்றோடொன்று மோதும் இடம் இது. நிக்கான் தொடக்கநிலைக் கமரா வைத்திருப்பவர் லென்ஸின் பெயரில், உள்ளே மோட்டர் உண்டு என்பதைக் காட்டும் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் பணத்தை எடுக்க வேண்டும். பழைய நிக்கான் உடம்புகள் சிலவற்றில் ஏஎஃப்-பி வேலை செய்யாது என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி லென்ஸ். கமராவோடு பெட்டியில் வரும் 18–55 மில்லிமீற்றர் லென்ஸ்தான் எல்லாவற்றிலும் பெரிய சமரசம் என்பது என் கருத்து. அகலக் காட்சியும் எடுக்கும், ஓரளவு கிட்டக் கொண்டுவரும், எடை குறைவு, பகலில் கூர்மையாகவே இருக்கும். அதன் குறை துவாரத்தில் இருக்கிறது. லென்ஸின் மேல் எஃப் 3.5–5.6 என்று எழுதியிருப்பார்கள். குவியத் தூரத்தை, அதாவது லென்ஸின் பெயரில் வரும் மில்லிமீற்றர் எண்ணை, துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வருவது அந்த எண். 55 மில்லிமீற்றரில் எஃப் 5.6 என்றால் துவாரத்தின் விட்டம் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர். ஒரு 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸில் அது ஏறத்தாழ 28 மில்லிமீற்றர். எண் சிறிதாகச் சிறிதாகத் துவாரம் பெரிதாகும். இங்குதான் தொடங்குபவர்கள் குழம்புவார்கள். ஒளியின் அளவு பரப்பைப் பொறுத்தது என்பதால், எஃப் 1.8 இல் எஃப் 5.6 ஐவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஒளி உள்ளே வரும்.

பத்து மடங்கு என்பது என்ன என்று கூத்துக் களரியில் தெரியும். படுவான்கரைக் கிராமம் ஒன்றில் இரவு வடமோடிக் கூத்து நடக்கிறது. மின்குமிழ்களின் வெளிச்சம் மட்டும். ஐஎஸ்ஓவை, அதாவது ஒளிக்கான உணர்திறனை, 3200 வரை ஏற்றிவிட்டீர்கள். பெட்டியில் வந்த லென்ஸில் 55 மில்லிமீற்றருக்கு நீட்டினால் ஷட்டர் வேகம் ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அண்ணாவியார் மத்தளத்தோடு அசையாமல் நிற்கும் கணத்துக்கு அது போதும். ஆட்டக்காரர் சுழன்று வரும்போது முடியும் கையும் வாளும் கலங்கிய கோடுகளாகப் பதியும். அதே இடத்தில் நின்று எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் வேகம் நானூறில் ஒரு பங்கு வரை போகும். சுழற்சி அப்படியே நிற்கும். உடையின் கண்ணாடி மணிகூடத் தெரியும். இதே லென்ஸை விலை கூடிய கமராவில் மாட்டினாலும் கிடைப்பது ஏறத்தாழ இதே படம்தான். மலிவான உடம்பில் நல்ல லென்ஸ் மாட்டியவர், விலையான உடம்பில் பெட்டி லென்ஸ் மாட்டியவரைவிட அந்தக் களரியில் நல்ல படத்தோடு வீடு திரும்புவார்.

இதற்கும் ஒரு விலை உண்டு. 50 மில்லிமீற்றர் லென்ஸ் சூம் ஆகாது. ஏபிஎஸ்-சி சென்சரில் அதன் பார்வை இன்னும் ஒடுங்கி, முழுச்சட்டகத்தில் 75 அல்லது 80 மில்லிமீற்றர் போல இருக்கும். வீட்டு மண்டபத்தில் பூப்புனித நீராட்டு விழா எடுக்கப் போனால் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாலும் குடும்பம் முழுவதும் சட்டகத்துக்குள் வராது. நிக்கான்காரருக்கு 35 மில்லிமீற்றர் எஃப் 1.8 இன்னும் வசதி. கெனன்காரருக்கு 24 மில்லிமீற்றர் எஃப் 2.8 என்ற தட்டையான சிறு லென்ஸ் இருக்கிறது. ஒளி சற்றுக் குறைவு, பார்வை விரிவு.

நடுப்பகலில் கணக்குத் தலைகீழாகிறது. பாசிக்குடா மணலில் தெளிவான வெயிலில் ஐஎஸ்ஓ 100 இல், எஃப் 5.6 இல் எண்ணூறில் ஒரு பங்கு வேகம் தாராளமாகக் கிடைக்கும். பெட்டி லென்ஸே போதும். அங்கே எஃப் 1.8 ஐத் திறந்து வைத்து, பின்னணியை மென்மையாக்கி ஒரு முகத்தை எடுக்க நினைத்தால், ஏறத்தாழ எண்ணாயிரத்தில் ஒரு பங்கு வேகம் வேண்டும். தொடக்கநிலைக் கமராவின் ஷட்டர் நாலாயிரத்தில் ஒரு பங்கோடு நின்றுவிடும். டி7500 எண்ணாயிரம் வரை போகும். துவாரத்தை எஃப் 2.8 க்கு மூடினால் தீர்ந்துவிடும் பிரச்சினைதான். இருந்தும், படம் ஏன் வெளிறிப் போகிறது என்று தெரியாமல் லென்ஸில் குறை சொல்வோர் பலர் இருப்பதால் சொல்கிறேன்.

தொடர்ந்து சுடும் வேகத்தையும் குவியப் புள்ளிகளையும் சுருக்கமாகச் சொல்லலாம். 1500டி நொடிக்கு 3 படம், டி3500 5, டி7500 8. குவியப் புள்ளிகள் முறையே 9, 11, 51. மலிவான இரண்டிலும் நடுப்புள்ளி ஒன்றுதான் நிலைக்குத்து, கிடை ஆகிய இரு வகைக் கோடுகளையும் உணரும். மங்கிய வெளிச்சத்தில் ஓரப்புள்ளிகளை நம்பாமல் நடுப்புள்ளியில் குவித்துவிட்டுச் சட்டகத்தை நகர்த்துங்கள். குமணவில் கூடு கட்டிய நாரைகளை எடுப்பதற்கு இந்தப் புள்ளிகள் போதும். பாய்ந்து இறங்கும் கடற்கழுகுக்குப் போதாது. அதேவேளை சிறிய சென்சரால் அங்கே ஒரு நன்மை இருக்கிறது: மலிவான 70–300 லென்ஸ் முழுச்சட்டகத்தின் 450 மில்லிமீற்றர் அளவுக்குப் பறவையை இழுத்துத் தரும்.

நம் மாவட்டங்களில் எல்லோரும் எண்ணிப் பார்க்க வேண்டிய குறைப்பு, மூட்டுகளில் இருக்கிறது. டி7500 போன்றவற்றில் பொத்தான்களையும் மூடிகளையும் சுற்றி நீர், தூசு புகாமல் தடுக்கும் இறப்பர் அடைப்புகள் உண்டு. தொடக்கநிலைக் கமராவில் அவை இல்லை. மாரியில் வடகீழ்ப் பருவமழை, மற்றக் காலத்தில் கச்சான் காற்றுக் கிளப்பும் புழுதி, ஆண்டு முழுவதும் கடற்கரையில் உப்புக் காற்று. கல்லடிக் கடற்கரையில் நின்று லென்ஸ் மாற்றினால் உப்புத் துகள் உள்ளே போகும். டி3500 இல் சென்சரை அதிர வைத்துத் தூசு உதறும் பொறியும் கிடையாது; வானத்தில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். எனவே கடற்கரைக்கு எந்த லென்ஸ் என்று வீட்டிலேயே தீர்மானித்து மாட்டிக்கொண்டு போங்கள். திரும்பியதும் சற்று ஈரமான மென்துணியால் வெளிப்புறத்தைத் துடையுங்கள். உப்பு காய்ந்த பிறகு உலர்துணியால் தேய்த்தால் கீறல் விழும்.

எனக்குக் கோபம் வரும் குறைப்பு ஒன்று உண்டு. கமராவின் தலையில் ஃபிளாஷ் பூட்டும் இடத்தின் நடுவில் ஒரு சிறு உலோகத் தொடுபுள்ளி இருக்கும். பல பத்தாண்டுகளாக எந்த நிறுவனத்தின் ஃபிளாஷும் அந்தப் புள்ளி வழியாக எரியும். கெனன் 3000டி இலும் 200டி இரண்டாம் பதிப்பிலும் அதை எடுத்துவிட்டார்கள். கெனனின் சொந்த மின்னிணைப்பைப் பாவிக்கும் ஃபிளாஷ்கள் எரியும். நடுப்புள்ளியை மட்டும் நம்பி, தள்ளி நிற்கும் ஃபிளாஷை எரிய வைக்கும் எளிய ட்ரிகர்களும் பழைய ஸ்டூடியோ விளக்குகளும் எரியாது. கலியாண ஸ்டூடியோவில் உதவியாளராகச் சேர்ந்து தொழில் பழகும் பிள்ளை தன் சொந்தக் கமராவை அங்கிருக்கும் விளக்கோடு இணைக்க முடியாமல் நிற்பது எந்தச் சேமிப்புக்கும் ஈடாகாது.

குறைத்ததால் கூடியவையும் உண்டு. டி7500 உடம்பு மட்டும் 640 கிராம். டி3500 365 கிராம். திருக்கோவில், பொத்துவில், உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர் கழுத்தில் அந்த வேறுபாடு ஒவ்வொரு நாளும் தெரியும். பற்றரியும் அப்படித்தான். கண்ணாடி வழியாகப் பார்ப்பதற்கு மின்சாரம் மிகக் குறைவாகவே வேண்டும் என்பதால், டி3500 ஒரு முறை ஏற்றிய பற்றரியில் சோதனை அளவுப்படி 1,550 படம் எடுக்கும். கண்ணாடியில்லாத மிரர்லெஸ் கமராக்கள் பலவற்றில் சில நூறுதான். உகந்தைக்கு அப்பால் காட்டுக்குள் மின்செருகி தேட முடியாது.

நிறுவனங்கள் இப்போது மிரர்லெஸ் பக்கம் போய்விட்டன. டி3500 தயாரிப்பிலும் இல்லை. அதனால் இன்று பெரும்பாலும் பாவித்த எஸ்எல்ஆரைத்தான் வாங்குவீர்கள். விலையும் அதற்கேற்ப இறங்கியிருக்கிறது. லென்ஸில் போடும் பணம் வீணாகாது: கெனன் ஈஎஃப் லென்ஸ்களை அந்த நிறுவனத்தின் இணைப்பு வளையம் மூலம் புதிய ஆர்எஃப் மிரர்லெஸ் கமராக்களில் தானியங்கிக் குவியத்தோடு பாவிக்கலாம். நிக்கானின் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி லென்ஸ்களுக்கும் அவ்வாறே வளையம் உண்டு.

பாவித்ததை வாங்கும்போது மூன்று சோதனைகளைக் கடையிலேயே செய்யுங்கள். துவாரத்தை எஃப் 16 க்கு மூடி வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சென்சரில் ஒட்டிய தூசு அதில் தெரியும். ஷட்டர் எத்தனை தடவை இயங்கியது என்று கேளுங்கள்; டி3500 இன் ஷட்டர் ஒரு இலட்சம் தடவைக்குச் சோதிக்கப்பட்டது. கடைசியாக லென்ஸைக் கழற்றி, கைத்தொலைபேசி விளக்கைப் பின்பக்கத்திலிருந்து அடித்து முன்பக்கத்தால் பாருங்கள். நம் கடலோர ஈரப்பதத்தில் அலுமாரிக்குள் கிடந்த லென்ஸ்களின் உள்ளே சிலந்தி நூல் போல் பூஞ்சணம் படர்ந்திருக்கும். அப்படி ஒரு நூல் தெரிந்தாலும் அந்த லென்ஸை விட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு உங்களுடையதைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்வார்கள்; அதன் மாவுத்தூள் குவியச் சக்கரத்துக்குள் போய்விடும், வேண்டாம்.